மேரி டூலனை விசாரித்த கதை

நூலகத்தின் குடும்ப வரலாற்று மேசையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு, பதிவுகளை எங்கே தேடுவது என்று சொல்லித்தர நான் வரவில்லை. அதைப் பயிற்சி வகுப்பில் நன்றாகவே சொல்லித் தந்திருப்பார்கள். தேடியது கிடைத்த பிறகு என்ன செய்வது என்பதுதான் இந்த வேலையில் கடினமான பகுதி. அதை ஒரு சம்பவமாகத்தான் சொல்ல முடியும்.

நான் காப்புறுதிக் கம்பனி ஒன்றில் இழப்பீட்டுக் கோரிக்கைகளைச் சரிபார்த்து ஓய்வு பெற்றவள். ஆட்கள் சொல்வதையும் தேதிகள் சொல்வதையும் அருகருகே வைத்துப் பார்ப்பது என் பிழைப்பு. சனிக்கிழமைகளில் இந்த மேசையில் உட்கார்ந்து, இங்கிலாந்திலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் இந்த நாட்டுக்குக் கப்பலேற்றி அனுப்பப்பட்ட பெண் கைதிகளின் வாழ்க்கையைத் துலக்கியது என் விருப்பம். இரண்டும் ஒரே வேலைதான். பின்னதற்குச் சம்பளம் இல்லை.

கீழே வரும் பெயர்களை மாற்றியிருக்கிறேன். தேதிகளைத் தந்தால் உங்களில் கெட்டிக்காரர் ஒருவர் குடும்பத்தைக் கண்டுபிடித்துவிடுவார் என்பதால் அவற்றையும் விட்டிருக்கிறேன். தேதி இல்லாமல் எழுதுவது எனக்கு உப்பில்லாமல் சமைப்பது போல. பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாந்தினி நம் நூலகத்துக்குப் பக்கத்திலுள்ள மல்கிரேவில் சொந்தமாகக் கணக்காளர் அலுவலகம் நடத்துபவர். கணவர் இறந்தபின் ஒரே மகள் நிவேதாவைக் கிளென் வேவர்லியில் தனியாக வளர்த்தவர். எனக்குப் பல வருடப் பழக்கம். ஒரு சனிக்கிழமை மற்றவர்களைப் போலவே வரிசையில் இருந்து, தன் முறை வந்ததும் என் எதிர்க் கதிரையில் உட்கார்ந்தார்.

“அக்கா, ஒரு சம்பந்தம் விசாரிக்க வேணும்.”

“ஆருக்கு?”

“நிவேதாவுக்குத்தான். பொடியன் அவளே பாத்திட்டாள். பென் எண்டு பேர். தாய் தேப்பன் சிட்னி.”

“வெள்ளைக்காரப் பொடியனை நான் ஆரிட்ட விசாரிக்கிறது சாந்தினி?”

“அதுக்குத்தானே உங்களிட்ட வந்தனான். எங்கட ஆக்களெண்டா ரெண்டு போன் கோல் காணும். இவையளை ஆரிட்ட கேக்கிறது? பக்கத்து வீட்டுக்காரன்ர பேரே இவைக்குத் தெரியாது.”

யாழ்ப்பாணத்துக் கல்யாண விசாரணை எப்படி நடக்கும் என்று உங்களில் சிலருக்குத் தெரியாமலிருக்கலாம். சம்பந்தப்பட்ட வீட்டில் எதுவும் கேட்கமாட்டார்கள். அவர்களோடு படித்தவர், ஒரே ஒழுங்கையில் இருந்தவர், முன்பு ஒரு கல்யாணத்தில் சாட்சிக் கையெழுத்து வைத்தவர் என்று சுற்றியிருப்பவர்களைத்தான் கேட்பார்கள். அந்த முறையை இந்தக் கதையில் மறுபடி பார்ப்பீர்கள்.

நான் ஒரு நிபந்தனை வைத்தேன். “பொடியனிட்டச் சொல்லிப்போட்டுத்தான் தேடுவன்.”

“சொல்லிப்போட்டு விசாரிக்கிறதுக்குப் பேர் விசாரணையோ?”

“உயிரோட இருக்கிற ஆக்களின்ர குடும்பத்தை அவைக்குத் தெரியாமல் நான் கிண்டுறேல்லை. வேணாமெண்டா வேற ஆளைப் பாரும்.”

நீங்களும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். யார் கேட்டாலும், எவ்வளவு வேண்டியவர் என்றாலும்.

பென்னிடம் சொன்னபோது அவன் கோபிப்பான் என்று சாந்தினி எதிர்பார்த்தார். அவனோ சிரித்துவிட்டு, பாட்டி ஜோனுக்கு இதைவிடச் சந்தோஷமான செய்தி இருக்க முடியாது என்றான். அடுத்த கிழமையே சிட்னியிலிருந்து தடித்த கோப்பு ஒன்று தபாலில் வந்தது. ஜோன் ஐம்பது வருடமாகச் சேர்த்தது.

கோப்பின் நாயகி மேரி டூலன். அயர்லாந்தில் வீட்டு வேலைக்காரி. கடையில் ஒரு சுருள் துணி திருடியதற்கு ஏழு வருடத் தண்டனை. கப்பலில் சிட்னி வந்து, பரமட்டாவில் பெண் கைதிகளை அடைத்து வேலை வாங்கிய கட்டடத்தில் இருந்து, பிறகு வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்டாள். தண்டனை முடிந்து விடுதலைச் சீட்டு வாங்கியதும் சிட்னிக்கு மேற்கேயுள்ள மலைகளுக்கு அப்பால் போய், வில்லியம் என்ற வண்டிக்காரனைக் கட்டி ஆறு பிள்ளைகள் பெற்றாள். அந்த ஆறு பேரின் வழி வந்தவர்கள் ஆண்டுதோறும் ஒன்றுகூடுகிறார்கள். மேரியின் பெயர் அச்சிட்ட டீசேர்ட் போட்டுக்கொண்டு.

“டீசேர்ட்டோ?” என்றார் சாந்தினி. “கள்ளியின்ர பேரைப் போட்டோ?”

“ஒரு சுருள் துணிதானே.”

“துணியோ தங்கமோ, களவு களவுதான். அக்கா, நிவேதாவின்ர பெரியப்பா கனடாவில இருந்து வாறார். என்ர மனுசனின்ர ஆக்களுக்கு முன்னால நான் தலை நிமிந்து நிக்கவேணும். அந்த ஜோன் மனுசி பந்தியில இருந்துகொண்டு இந்தக் கதையைத்தான் சொல்லப்போறா.”

“சொல்லட்டன்.”

“அப்ப நான் வரேல்லை. மண்டபம் புக் பண்ணியாச்சு, காசும் கட்டியாச்சு, அவை செய்யட்டும். நான் மணவறைப் பக்கம் வரமாட்டன்.”

பக்கத்தில் இருந்த நிவேதா கைப்பேசியிலிருந்து தலையை எடுக்காமல், “அம்மா, தட்ஸ் எமோஷனல் பிளாக்மெயில்” என்றாள்.

“ஓம், அதுதான்” என்றார் சாந்தினி.

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நிவேதாவுக்கும் அது தெரிந்திருந்தது. தாய் இல்லாமல் கட்டுவதா, கட்டாமல் விடுவதா என்று அவள் யோசிக்கத் தொடங்கியிருந்தாள். இதெல்லாம் நான் ஒரு பழைய கைதியைப் பற்றி எழுதித் தரப்போகும் அறிக்கையில் தொங்கிக்கொண்டிருந்தது. இப்படியான நேரத்தில் கை வேகமாக எழுதப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்த ஒரு பழக்கம் வேண்டும். என்னுடையது காப்புறுதியில் கற்றது: ஒருவரின் வாழ்க்கையை எழுதுவதற்கு முன் சாவைத் தேடு. குடும்பங்கள் சேர்க்கும் கோப்புகளில் பிறப்பும் கல்யாணமும் நிறைய இருக்கும். இறப்பைச் சரிபார்ப்பவர்கள் குறைவு, ஏனென்றால் யாருக்கும் அதில் ஆசையில்லை.

ஜோனின் கோப்பில் மேரியின் கல்லறைப் படம் இருந்தது. மலைகளுக்கு அப்பால், வில்லியமுக்குப் பக்கத்தில். எல்லோருக்கும் அது போதுமாயிருந்தது. நான் சிட்னியின் அடக்கப் பதிவுகளையும் பார்த்தேன். அங்கே இன்னொரு மேரி டூலன் கிடைத்தாள். அந்தக் காலத்தில் கைதியாக வந்தவரை அடக்கம் செய்யும்போது எந்தக் கப்பலில் வந்தவர் என்றும் எழுதுவது உண்டு. அதே கப்பல். வயதும் சரி. ஆசுபத்திரியில் காய்ச்சலில் இறந்திருக்கிறாள். விடுதலைச் சீட்டு வாங்கிச் சில கிழமைகளில். வில்லியமின் கல்யாணத்துக்கு ஏறக்குறைய ஒரு வருடம் முன்னதாக.

அந்தக் கப்பலில் வந்த மேரி டூலன் ஒருத்திதான். கப்பல் பட்டியலை மூன்று தரம் பார்த்துவிட்டேன்.

நான் செய்தி சொன்னதும் சாந்தினியின் குரலே மாறிவிட்டது. “அப்ப பென்னின்ர ஆக்கள் கள்ளியின்ர ஆக்கள் இல்லை. கட்டினது வேற மேரி. நல்லாப் போச்சு. அப்பிடியே எழுதித் தாங்கோ அக்கா.”

இங்கேதான் நிற்க வேண்டும். விடை கேட்டவருக்கு அளவெடுத்துத் தைத்தது போல் ஒரு விடை வந்தால், தையலைப் பிரித்துப் பாருங்கள். நான் பார்த்தேன். கல்யாணப் பதிவில் மணமகள் தன்னைத் தண்டனை முடிந்து விடுதலையானவள் என்றே சொல்லியிருக்கிறாள். கப்பலின் பெயரையும் சொல்லியிருக்கிறாள். சுதந்திரமாக வந்த வேறு மேரி என்றால் அவள் ஏன் தன்னைக் கைதி என்று சொல்லப் போகிறாள்?

இன்னொரு சுலபமான விடையும் காத்திருந்தது. அடக்கப் பதிவில் எழுத்தர் ஆள் மாறி எழுதிவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படிப்பட்ட பிழைகளை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அதை ஏற்றுக்கொண்டால் ஜோனின் ஐம்பது வருட வேலைக்குப் பழுதில்லை. ஆக, ஒரு விடைக்குச் சாந்தினி காத்திருந்தார், மற்ற விடைக்கு ஜோன் காத்திருந்தார். இரண்டுக்கும் சான்று போதாது. நான் எதையும் எழுதவில்லை. கிழமைகள் ஓடின. அழைப்பிதழ் அச்சுக்குப் போகவேண்டியிருந்தது.

ஒரு ஞாயிறு சாந்தினி என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். கூப்பிட்டதன் நோக்கம் இருவருக்கும் தெரியும். குசினியில் அவர் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருக்க, செத்தவள் எப்படிக் கல்யாணம் கட்டினாள் என்ற என் சிக்கலை முழுதாகச் சொன்னேன்.

“அந்த விடுதலைச் சீட்டைக் கலியாணம் கட்டேக்க காட்டினவவோ?” என்று கேட்டார்.

“காட்டித்தான் இருப்பா. இல்லாட்டி கைதியளுக்குக் கலியாணம் கட்ட அரசாங்கத்தின்ர அனுமதி எடுக்கவேணும். அப்பிடி ஒண்டும் எடுத்ததாக் காணேல்லை.”

“அதில படம் இருக்குமோ?”

“அந்தக் காலத்தில படம் ஏது? உயரம், கண்ணின்ர நிறம், தலைமயிரின்ர நிறம், பிறந்த ஊர். அவ்வளவுதான்.”

சாந்தினி அடுப்பை நிறுத்தினார். கரண்டி கையிலேயே இருந்தது. “அப்ப பிழை எழுத்தரிட்ட இல்லை அக்கா. சீட்டு செத்தவின்ர. காட்டினது வேற ஆள்.”

“ஏன் அப்பிடிச் சொல்லுறீர்?”

“சண்டை நேரம் நான் ஓடி வந்த பாஸ்போட்டில என்ன பேர் இருந்தது எண்டு உங்களுக்குத் தெரியுமோ?”

எனக்குத் தெரியாது. இத்தனை வருடத்தில் நான் கேட்டதுமில்லை.

“கலைச்செல்வி. என்னைவிட ரெண்டு வயசு கூட. இடது கன்னத்தில ஒரு மறு. ஏஜென்சிக்காரன் எனக்குக் கண்மையால புள்ளி வைச்சு விட்டவன். சிங்கப்பூரில வேர்த்து அழிஞ்சு போச்சு. கைலேஞ்சியால கன்னத்தைப் பொத்திக்கொண்டு, பல்லுக் கொதி எண்டு சொல்லி வந்தனான். இஞ்ச இறங்கின உடன என்ர சொந்தப் பேரைச் சொல்லிப்போட்டன். ஆனா அந்தப் பதினாறு மணித்தியாலம் நான் கலைச்செல்விதான்.”

பிறகு, “நிவேதாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ” என்றார்.

சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தவள், மேரியை விட்டுவிட்டு யாழ்ப்பாணத்து முறையில் தொடங்கினேன். சம்பந்தப்பட்டவளைக் கேட்காதே, சுற்றியிருந்தவர்களைக் கேள். கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்து வைத்த பெண் யார்? அதே கப்பலில் வந்தவள். அப்படியென்றால் இது தெரிந்தேதான் நடந்திருக்கிறது. மணமகளும் அந்தக் கப்பல்காரியாக இருக்க வேண்டும். கப்பலில் வந்த ஒவ்வொரு பெண்ணையும் எடுத்து, அவள் எங்கே போய் முடிந்தாள் என்று பார்த்தேன். கல்யாணம், மரணம், மறுபடி தண்டனை என்று ஒவ்வொருத்தியும் எங்கோ ஓரிடத்தில் அகப்பட்டாள். ஒருத்தியைத் தவிர. பிரிஜெட் கியோ. எசமானின் வீட்டைக் கூட்டாகக் கொள்ளையடித்ததற்கு ஆயுள் தண்டனை. மேரி அடக்கமான அதே மாதத்தில், வேலைக்கு அனுப்பப்பட்ட வீட்டிலிருந்து தப்பியோடிவிட்டாள். அரசிதழில் அவளுடைய அங்க அடையாளங்களைப் பல தரம் போட்டிருக்கிறார்கள். உயரத்திலும் கண்ணின் நிறத்திலும் மேரிக்கு மிக அருகில். அகப்படவேயில்லை.

இதை நிரூபணம் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். ‘பெரும்பாலும்’ என்று எழுதினேன். அந்தச் சொல்லுக்குப் பயப்படாதீர்கள். முழுக்கத் தெரியும் என்று எழுதியவர்களின் வேலையைத் திருத்தத்தான் உங்களுக்கு அதிக நேரம் போகும்.

சாந்தினிக்குச் சொன்னேன். “உமக்கு நல்ல செய்தி இல்லை. முந்தினவ துணிக் கள்ளி. இவ கொள்ளைக்காரி, ஓடினவ வேற.”

அவர் கேட்டது இதுதான்: “ஜோனுக்கு ஆர் சொல்லுறது?”

“நான்தான். நேர போய்ச் சொல்லவேணும். போனில சொல்லுற விசயமில்லை.”

“நானும் வாறன்.”

ஏன் என்று நான் கேட்கவில்லை. கல்யாணத்தை நிறுத்தத்தான் வருகிறார் என்று நிவேதா நினைத்தாள். அவளும் பென்னும் கூடவே வந்தார்கள்.

ஜோனின் வீடு சிட்னியின் மேற்கே. எண்பதைத் தாண்டியவர், நல்ல உயரம், நேராக நடப்பவர். தேநீரும் பழக் கேக்கும் வைத்தார். நான் தாள்களை மேசையில் ஒழுங்காகப் பரப்பி, முதலில் அடக்கப் பதிவு, பிறகு கல்யாணப் பதிவு, பிறகு அரசிதழ் என்று அவர் தானாகவே கண்டுபிடிக்கும் வரிசையில் காட்டினேன். கெட்ட செய்தியை முடிவிலிருந்து தொடங்காதீர்கள். ஐம்பது வருடம் தேடியவருக்கு அந்தக் கடைசி அடியைத் தானே வைக்கும் உரிமை இருக்கிறது.

அவர் வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். ஆங்கிலத்தில் அவர் சொன்னது இது: “அப்படியானால் நான் யாருக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தேன்?”

“உங்கள் முன்னோருக்குத்தான்,” என்றேன். “அந்தக் கல்லறையில் இருப்பது அவர்தான். கல்லில் உள்ள பெயர்தான் வேறொருவருடையது.”

“மேரி?”

“சிட்னியில். எந்த இடம் என்று குறிப்பில்லை.”

ஜோன் தாள்களைத் தள்ளி வைத்தார். நான் எதிர்பார்த்தது அழுகை. வந்தது கோபம். “துணி திருடியவளை எனக்குப் பிடித்திருந்தது. அவளுக்குக் குளிர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். இவள் செத்த பெண்ணிடம் திருடியிருக்கிறாள். உடம்பு ஆறுவதற்கு முன்னே அவளுடைய தாளை எடுத்திருக்கிறாள். இதை நான் ஒன்றுகூடலில் எப்படிச் சொல்வேன்?” பிறகு சாந்தினியைப் பார்த்தார். “உங்கள் குடும்பத்துக்கு இது பிடிக்காது என்று பென் சொன்னான். நான் உங்களைக் குறை சொல்லமாட்டேன்.”

சாந்தினி ஆங்கிலத்தில்தான் பதில் சொன்னார். எனக்கு அது அவருடைய தமிழிலேயே நினைவிருக்கிறது.

“அது களவில்லை ஜோன். செத்தவவுக்கு அந்தச் சீட்டு இனித் தேவையில்லை. இவ பிடிபட்டா சாகும்வரைக்கும் உள்ளுக்க. அந்த நேரத்தில என்ன செய்யிறது எண்டு இருந்து யோசிக்கேலாது. கையில கிடைச்சதைக் கொண்டு நடக்கிறது.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

நிவேதா இருந்த பக்கம் திரும்பாமலே சாந்தினி எல்லாவற்றையும் சொன்னார். பாஸ்போட், கண்மைப் புள்ளி, சிங்கப்பூர், பல்லுக் கொதி. நிவேதா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள்.

“கலைச்செல்வியோ?” என்றாள் அவள் தமிழில். “கோயில்ல நீங்க சொல்லுற பேரெல்லே? நான் உங்கட பிரெண்ட் எண்டு நினைச்சன்.”

“நான் அவளைக் கண்டதே இல்லை. இருக்கிறாளோ இல்லையோ தெரியாது.” சாந்தினி ஜோனுக்கு விளக்கினார். வருடா வருடம், அந்தப் பாஸ்போட்டில் இருந்த பிறந்த நாளன்று, கோயிலில் அவளுடைய பெயருக்கு ஓர் அர்ச்சனை. பெயரோடு நட்சத்திரமும் சொல்லவேண்டும், ஐயர் கேட்பார். “அவளின்ர நட்சத்திரம் எனக்கெங்க தெரியும்? என்ரதைத்தான் குடுக்கிறனான்.”

நட்சத்திரம் என்றால் என்னவென்று பென் பாட்டியின் காதருகே குனிந்து ஏதோ சொன்னான். அரைகுறையாகத்தான் சொல்லியிருப்பான். ஜோன் தலையாட்டினார். பிறகு, மனப்பாடமாகத் தெரிந்த ஒன்றை ஒப்பிப்பவர் போல் மெதுவாகச் சொன்னார். “அவளுடைய முதல் பெண்பிள்ளைக்குப் பெயர் மேரி. இரண்டாவது பிரிஜெட். தாயின் பெயர் ஒன்று, பாட்டியின் பெயர் ஒன்று என்று நாங்கள் நினைத்திருந்தோம்.”

“ஒண்டு செத்தவளுக்கு,” என்றார் சாந்தினி. “மற்றது தனக்கு. தன்ர சொந்தப் பேரை வீட்டில ஆராவது கூப்பிட வேணுமெல்லே.”

அந்த இரண்டு பெயர்களையும் நான் ஏற்கெனவே சான்றுகளோடு குறித்து வைத்திருந்தேன், நான்காவது வரியில், எனக்கே உரிய துப்புரவோடு. அந்த வீட்டின் குசினியிலிருந்து ஒரு தாய் வாசலைப் பார்த்து அந்தப் பெயர்களைக் கூப்பிட்டிருப்பாள் என்பது என் குறிப்பில் இல்லை. நீங்கள் எழுதும்போது அதையும் யோசித்து எழுதுங்கள். தேதிகள் ஆளைப் பிடித்துத் தரும். அதற்குமேல் அவற்றால் ஆகாது.

ஜோன் எழுந்து எல்லோருக்கும் இன்னொரு துண்டு கேக் வெட்டினார். யாரும் கேட்கவில்லை. நிவேதா தாயின் பக்கத்துக் கதிரைக்கு மாறி இருந்தாள். கன்னத்தில் மறு வைத்த இடம் எது என்று கேட்டு, விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

“அப்ப அம்மா, கலியாணத்துக்கு?”

“என்ன கலியாணத்துக்கு?”

“வரமாட்டன் எண்டு சொன்னனீங்கள்.”

சாந்தினி ஜோனைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை அளந்தார். “வராம? இந்த உயரத்துக்கு ஆர் சாறி உடுத்திவிடுறது?”